புல் தைலமும் கோழித் தீவனமும்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பரந்த புல்வெளிகளைக் காண்பர். மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய சரிவுகளில் எலுமிச்சம்புல் இயல்பாக வளர்கிறது. மலையாளத்தில் இதனை இஞ்சிப்புல் என்பர். இதன் மணத்திற்குக் காரணம் சிட்ரால் என்னும் பொருளாகும். நல்ல தைலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதுவே. எறணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951-இல் இப்புல்லுக்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது.

சோப்புக்கும் வாசனைப் பொருள்களுக்கும் பயன்பட்டுவந்த இத்தைலத்தைக் கோழி வளர்ப்போர் இன்று நாடுவதற்குக் காரணம் உண்டு. ஆரியோமைசின் தரும் நுண்ணுயிரைத் தீவனத்தில் சேர்த்தால் குஞ்சுகள் விரைந்து வளர்வதை அமெரிக்காவில் ஸ்டாக்ஸ்டாட், ஜூக்ஸ் என்னும் இருவர் 1950-ஐ ஒட்டிக் கண்டனர். அதன்பின் நோயற்ற கோழிகளுக்கும் நாள்தோறும் சிறிதளவு மருந்தூட்டும் வழக்கம் பரவியது. சிற்றளவு மருந்தால் எளிய கிருமிகள் மடிந்தன. வலியவை பிழைத்துப் பெருகின. அவை மனிதரைப் பற்றுங்கால் மருத்துவர் கைவசமுள்ள மருந்து பயன்படாமற் போகிறது. ஆகவே, வளர்ச்சிக்காக இம்மருந்துகளை ஊட்டுவதை ஐரோப்பிய யூனியன் 2006-இல் தடுத்தது. இந்தியா 2019-இல் கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அளிப்பதைத் தடை செய்தது.

எலுமிச்சம்புல்லின் சிட்ரால், ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால் ஆகியவை கிருமியின் மென்தோலிற் புகுந்து அதனைச் சிதைக்கின்றன. உள்ளிருப்பவை கசிந்து கிருமி மடிகிறது. புறத்தே மற்றுமோர் உறையுடைய சால்மொனெல்லா போன்றவை சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

எனினும் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, கோழியின் குடல் வேறு. தைலம் ஆவியாகும் இயல்பினது. தீவனத்தைக் குருணையாக்கும் சூட்டிலேயே ஒரு பகுதி அகன்றுவிடும். எஞ்சியதிற் பெரும்பங்கு குடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்படுகிறது. கிருமிகள் மிக்க பிற்பகுதியை எட்டுவது சொற்பமே. இதனாலேயே கொழுப்புறையிட்ட நுண்மணிகளாகத் தயாரிக்கின்றனர். பரிசோதனைகளில் ஒரு கிலோ தீவனத்திற்குச் சேர்க்கப்படுவது பெரும்பாலும் சில நூறு மில்லிகிராம் அளவே. பலனும் பண்ணைக்குப் பண்ணை மாறுபடுகிறது.

குடிநீரில் தைலத்தை ஊற்றும் பழக்கம் தவறானது. ஆசிரியர்கள் ஒரு டம்ளர் நீரில் இரு துளி விட்டுக் காட்டலாம்: கலவாமல் மேலே மிதக்கும். முதலில் அருந்தும் குஞ்சு கலப்பற்ற தைலத்தையே விழுங்க நேரும். அது வாயையும் தொண்டையையும் எரிக்கும்.

வெள்ளைக் கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய் வைரஸால் வருவது. எத்தைலமும் அதற்குத் தடுப்பூசியின் இடத்தைப் பெறாது. பொன்முடிக்கு அருகே பாலோட்டிலுள்ள அரசு நிலையத்தில் அத்தடுப்பு மருந்து தயாராகிறது. கோழிகள் திடீரென மடியத் தொடங்கினால், தைலத்தை நம்பி நாட்களைக் கடத்தாமல், இறந்த கோழியை அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுமாறு களப் பணியாளர்கள் வளர்ப்போருக்குக் கூறவேண்டும்.