பேதைமை பற்றிய பழமொழிகள்



பழமொழியின் பொருளை மனனம் செய்தால் மட்டும் போதாது. அது எந்தச் சந்தர்ப்பத்துக்குப் பொருந்தும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பேதைமை பற்றிய பழமொழிகளில் இது மிக முக்கியமாகும். இடம் தவறினால் புள்ளி குறைவதோடு, ஒருவரைக் காரணமின்றி முட்டாள் என்று பழித்தும் விடுவோம்.

அறியாமையும் பேதைமையும்

ஒன்றைத் தெரியாதிருத்தல் அறியாமை. கேட்டோ கற்றோ அதனை நீக்கலாம். தீமை தருவதைக் கைக்கொண்டு நன்மை தருவதைக் கைவிடுவதே பேதைமை என்பார் வள்ளுவர். திருக்குறளின் 84ஆம் அதிகாரம் பேதைமை. 85ஆம் அதிகாரம் புல்லறிவாண்மை. பின்னையது, அறிவின்றியும் தம்மை அறிவுடையோராக எண்ணிச் செருக்குவதைக் கூறும்.

பழமொழிகளும் பொருளும்

1. ஆழம் அறியாமல் காலை விடாதே – தன்மையை ஆராயாமல் ஒன்றில் இறங்கக் கூடாது.
2. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியது போல – உறுதியற்ற துணையை நம்பி இடரிற் சிக்குதல்.
3. தவளையும் தன் வாயால் கெடும் – தகாததைப் பேசித் தானே கேட்டைத் தேடுதல்.
4. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போல – தன்னிடம் உள்ளதை உணராது பிற இடத்தில் தேடுதல்.
5. நுனிக்கொம்பில் இருந்து அடிக்கொம்பை வெட்டுவது போல – தன் ஆதாரத்தைத் தானே அழித்தல்.
6. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது போல – உரிய வேளையைத் தவறவிட்டுப் பின் வருந்தி முயலுதல். (தும்பு – மாட்டைக் கட்டும் கயிறு)

வரலாற்றில் ஓர் உதாரணம்

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தின் அருகே புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல், திருத்தவேலைக்காகத் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைந்தது. மாலுமிகள் ஏறத்தாழ இருபது நாட்கள் தடையின்றிக் கரைக்கு வந்து போயினர். ஆயினும் தாம் வந்த நோக்கத்தைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்கு அறிவிக்கவில்லை. மன்னன் ஐயங்கொண்டான். 1660 ஏப்ரலில் கப்பல் தலைவரும் அவர் மகன் றொபேட் நொக்ஸும் உட்பட 16 பேர் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை 1661இல் இறந்தார். மகன் 1679இலேயே தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

கடலின் ஆழம் பார்த்து நங்கூரமிடத் தெரிந்தவர்கள், கரையின் வழக்கத்தைக் கேட்டறியவில்லை. எனவே இச்சம்பவத்துக்கு முதலாம் பழமொழி பொருந்தும்.

இனி ஒன்றைக் கவனியுங்கள். தந்தை பிடிபட்ட பின், மகன் செய்தி சொல்வதற்காகக் கப்பலுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயே தங்கித் தப்பியிருக்கலாம். ஆனால் தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி மீண்டும் கரைக்கு வந்தார். இதற்கு ஐந்தாம் பழமொழியை எழுதலாமா? எழுதக் கூடாது. ஆபத்தை உணர்ந்தே வாக்கைக் காத்தவர் பேதை அல்லர். விளைவு துன்பமாக முடிந்தது என்பதற்காக ஒரு செயல் பேதைமை ஆகிவிடாது.

நினைவிற் கொள்க

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’, ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போல’ என்பன உடற்குறையை இகழ்ச்சிக்கு உவமையாக்குகின்றன. பொருளை அறிந்திருங்கள்; உங்கள் கட்டுரையில் தவிர்த்துக்கொள்ளுங்கள். வீண் முயற்சியைக் குறிக்க ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்று எழுதலாம்.

பயிற்சி

பொருத்தமான பழமொழியைத் தெரிவு செய்க.

(அ) அடிக்கடி நின்றுபோகும் படகு இயந்திரத்தை நம்பி ஒருவர் ஆழ்கடலுக்குச் செல்கிறார்.
(ஆ) பாடசாலை நூலகத்தில் உள்ள நூலைத் தேடி ஒரு மாணவி நகரத்துக் கடைகளெல்லாம் அலைகிறாள்.
(இ) விண்ணப்ப முடிவுத் திகதி கடந்த பின் ஒருவர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்.
(ஈ) ஒரு மீனவர் தம் வாழ்வுக்கு ஆதாரமான பவளப் பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கிறார்.

விடைகள்: (அ) 2 (ஆ) 4 (இ) 6 (ஈ) 5