சேர்க்கை அழைப்பும் மாணவர் பொறுப்பும்

கொல்கத்தாவை அடுத்துள்ள நியூ டவுன், திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். 1999ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மேற்கு வங்க வீட்டுவசதி உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால், வயல்களும் நீர்நிலைகளும் இருந்த பகுதியில் இன்று கல்வி நிலையங்கள் பல செயல்பட்டு வருகின்றன. ஆலியா பல்கலைக்கழகம், பிரசிடென்சிப் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வளாகம், 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற செயின்ட் சேவியர்ஸ் பல்கலைக்கழகம், காரக்பூர் ஐ.ஐ.டி.யின் ஆய்வுப் பூங்கா ஆகியன அவற்றுள் சில. பணி நிமித்தம் இங்குக் குடியேறியுள்ள தமிழ்க் குடும்பங்களிலும், ஆண்டுதோறும் கோடை வந்துவிட்டால் ஒரே கேள்விதான்: முதுநிலைப் படிப்புக்கு வந்துள்ள அழைப்புகளுள் எதை ஏற்பது?

ஒரு மாணவர் ஐந்தாறு நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் எதை ஏற்பது என்பதில் காட்டும் அக்கறையை, ஏற்காதவற்றுக்கு என்ன பதில் சொல்வது என்பதில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. அந்தப் பதிலே இக்கட்டுரையின் பொருள்.

பதில் கிடைக்காத இடத்தின் விலை

கல்லூரி இடம் என்பது சேமித்து வைக்க இயலாத பண்டம். புறப்பட்டுவிட்ட இரயிலின் காலிப் படுக்கையைப் போல, வகுப்பு தொடங்கியபின் நிரம்பாத இடம் அவ்வாண்டுக்கு வீணே. ஆசிரியர் ஊதியம், ஆய்வுக்கூடம், நூலகம் ஆகியவற்றுக்குச் செலவிடப்படும் பொதுப்பணம் அதனால் குறைவதில்லை, பயன்தான் குறைகிறது.

1990களின் தொடக்கத்தில் இக்கட்டுரையாசிரியர், பொருளாதார முதுகலை வகுப்பு ஒன்றின் காத்திருப்போர் பட்டியலில் முதலாவதாக இருந்தார். இடம் பெற்றிருந்த ஒருவர் வேறோர் ஊரில் சேர்ந்துவிட்டார். ஆனால் அதை எழுதித் தெரிவிக்கவில்லை. செய்தி தெரிந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. அவ்வாண்டு முழுவதும் அந்த இருக்கை காலியாகவே இருந்தது. பட்டியலில் இருந்தவருக்கு ஓராண்டு வீணாயிற்று. ஓர் அஞ்சலட்டை போதுமானதாக இருந்திருக்கும்.

காத்திருப்பதற்கும் ஓர் ஒழுங்கு

இச்சிக்கலைப் பொருளியல் அறிஞர்கள் ஆழ்ந்து ஆராய்ந்துள்ளனர். 1962ஆம் ஆண்டில் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி ஆகிய இருவரும் ஒரு வழியை வகுத்துக் காட்டினர். வந்த அழைப்புகளுள் சிறந்த ஒன்றை மட்டும் மாணவர் தற்காலிகமாகக் கையில் வைத்துக்கொண்டு ஏனையவற்றை உடனே மறுத்துவிடவேண்டும். அதனினும் நல்லது வந்தால் முன்னதை விட்டுவிடவேண்டும். இவ்வாறு செல்லும்போது இடங்கள் முடங்காமல் அடுத்தவருக்கு நகரும். இத்துறை ஆய்வுக்காக ஷாப்லி, ஆல்வின் ராத் ஆகியோருக்கு 2012ஆம் ஆண்டில் பொருளாதார நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் நாட்டில், கேட் தேர்வெழுதி ஐ.ஐ.டி.களில் எம்.டெக். படிப்புக்கு விண்ணப்பிப்போருக்கான பொது ஏற்பு இணையதளம் இதையொத்த முறையில் இயங்குகிறது. விண்ணப்பங்களை அந்தந்த நிறுவனத்துக்குத் தனித்தனியே அனுப்பவேண்டும். அழைப்புகளோ சுற்றுச் சுற்றாக ஒரே இடத்தில் வந்து சேரும். மாணவர் முன் மூன்று வழிகள் உண்டு: ஏற்று முடித்துக்கொள்வது, கையில் வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது. ஏற்று முடித்தவர் அடுத்த சுற்றுகளில் கலந்துகொள்ள இயலாது. ஆகவே, விருப்ப வரிசையை முன்கூட்டியே பெற்றோருடனும் ஆசிரியருடனும் கலந்து முடிவு செய்துகொள்வது அவசியம்.

பதில் எழுதும் முறை

பொது இணையதளம் இல்லாத படிப்புகளில் இவ்வொழுங்கை மாணவரே கடைப்பிடிக்கவேண்டும். முதலாவதாக, அழைப்பு வந்த ஓரிரு நாட்களில் அது கிடைத்ததைத் தெரிவித்து நன்றி கூறவேண்டும். இரண்டாவதாக, உதவித்தொகை, விடுதி, வழிகாட்டும் பேராசிரியர் ஆகியவை பற்றிய ஐயங்களை ஏற்கும் முன்னரே கேட்டுவிடவேண்டும். மூன்றாவதாக, கூடுதல் அவகாசம் தேவையெனில், கெடு முடியும் முன்னரே காரணத்தையும் தேதியையும் குறிப்பிட்டுக் கேட்கலாம். கெடு கடந்தபின் கேட்பது முறையன்று. நான்காவதாக, ஒரே நேரத்தில் இரண்டு இடங்களை ஏற்கலாகாது.

மறுப்புக் கடிதம் எழுதத் தயங்குவோர் பலர். அது நன்றி மறத்தல் ஆகாது. மௌனமே அவ்வாறு ஆகும். விண்ணப்ப எண், படிப்பின் பெயர், வேறு நிறுவனத்தில் சேர முடிவு செய்துள்ள செய்தி, ஒரு நன்றி – இவை நான்கு வரிகளில் அடங்கும். எங்குச் சேர்கிறோம் என்று கூறுவது கட்டாயமன்று. பரிந்துரைக் கடிதம் தந்த ஆசிரியர்களுக்கும் முடிவைத் தெரிவித்துவிடுவது பண்பு.

கட்டணமும் சான்றிதழும்

கட்டணத்தை இழந்துவிடுவோமோ என்ற அச்சமே பலரை வாய்மூடச் செய்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகுவோருக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படவேண்டும். நடைமுறைச் செலவாக 5 விழுக்காடு வரை, 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம். பின்னர், விலகும் நாளைப் பொறுத்து இது 90, 80, 50 விழுக்காடு எனக் குறைந்து, கடைசித் தேதி கடந்து 30 நாட்களுக்குப் பின் ஏதும் கிடைப்பதில்லை. மூலச் சான்றிதழ்களை நிறுவனங்கள் தம்மிடம் நிறுத்தி வைத்துக்கொள்வதும் கூடாது. சில கல்வியாண்டுகளில் கூடுதல் சலுகை தரும் தனி ஆணைகளும் வந்துள்ளமையால், அவ்வாண்டு ஆணையைப் பார்த்துக்கொள்வது நலம். ஆக, விரைந்து பதில் சொல்வது பிறருக்கு மட்டுமன்றித் தமக்கும் ஆதாயமே.

அமெரிக்கா செல்ல விழைவோர் அறியவேண்டியது ஒன்றுண்டு. அந்நாட்டுப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் மன்றத் தீர்மானத்தை ஏற்ற பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் கூடிய அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதிலளிக்க மாணவரை வற்புறுத்துவதில்லை. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கவில்லை என்பதால் விசாரித்து அறியவேண்டும். கெடு அதுவரை இருப்பினும், முடிவு செய்துவிட்டவர் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

இருதரப்புக் கடமை

நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. போதிய அவகாசம் தருவதும், காத்திருப்போர் பட்டியலை வெளிப்படையாக வைப்பதும், கட்டணத்தைத் தாமதமின்றித் திருப்புவதும் அவர்தம் பொறுப்பு. ஆயினும் முதல் அடியை மாணவர் எடுத்து வைக்கலாம். உயர்கல்வி இடங்களைப் பெருக்கப் பெரும் பொருளும் பல ஆண்டுகளும் தேவை. இருக்கும் இடம் ஒன்று வீணாகாமல் காக்க நான்கு வரிக் கடிதம் போதும். அதற்காக எங்கோ ஓர் ஊரில் ஒருவர் நாள்தோறும் காத்திருக்கிறார் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்வார்களாக.