மூடுபனி ஊரில் மோங் மக்களின் நெசவு

வட வியத்நாமில், சீன எல்லையை அடுத்த லாவ் காய் மாகாணத்தில், சபா என்னும் மலையூர் இருக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சியாளர் கோடை வாசத்திற்கென அமைத்த ஊர் இது. 1979-ஆம் ஆண்டின் எல்லைப் போரில் சேதமுற்றது. 1990-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 2014-ல் ஹனோயிலிருந்து லாவ் காய்க்கு விரைவுச் சாலை வந்தபின் கூட்டம் பெருகிற்று.

ஊரைச் சுற்றிய சரிவுகளில் மோங் மக்களின் சிற்றூர்கள் உள்ளன. ஒரு நாள் நடையில் இரண்டு மூன்றைப் பார்த்துவிடலாம். நெய்வோரும் பயிரிடுவோரும் ஒருங்கே கவனிக்கத்தக்க செய்தி அங்கே உண்டு. நாருக்கான செடியை வளர்ப்பதும், நூலாக்குவதும், நெய்வதும், சாயமிடுவதும் ஒரே குடும்பத்தின் வேலை. இவ்வளவும் செய்த கைகளுக்கு என்ன கூலி சேருகின்றது என்பதே இம்மாதம் நாம் ஆராயப் புகும் பொருள்.

குளிர்காலக் காலையில் சபாவின் மாதா கோயில் கோபுரம்கூட மூடுபனியில் மறைந்துவிடும். கருநீல உடை அணிந்த மோங் பெண்கள் முதுகில் கூடையைச் சுமந்து தெருவோரம் நிற்பர். கூடையில் பைகள், கழுத்துத் துணிகள், பூவேலை செய்த பட்டைகள். ஊரிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் இறங்கினால் காட் காட் என்னும் மோங் கிராமம். உள்ளே செல்லச் சீட்டு வாங்க வேண்டும். படிக்கட்டுகளின் இருபுறமும் கடைகள். கிராமத்தைவிடக் கடைத்தெருவே அங்கு மிகுதி எனலாம். ஆயினும் ஓடைக்கரையில் ஒரு பொறியைக் காண நின்றுதான் ஆக வேண்டும். நீண்ட மரத்தின் ஒரு முனையில் தொட்டி, மறுமுனையில் உலக்கை. ஓடை நீர் தொட்டியை நிரப்பியதும் அம்முனை தாழ்ந்து நீர் கொட்டிவிடும். உலக்கை விழுந்து நெல்லைக் குத்தும். ஆளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம்.

முவாங் ஹோவா பள்ளத்தாக்கில் மேலும் நடந்தால் லாவ் சாய் கிராமம். மலையையே படியாக வெட்டிய நெல்வயல்கள் இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பரந்துள்ளன. குளிர் மிகுதியாதலால் ஆண்டிற்கு ஒரு போகமே விளையும். கோடைத் தொடக்கத்தில் நடவு, செப்டம்பர் வாக்கில் அறுவடை. மேலே காட்டு நிழலில் ஒருவகைப் பெரிய ஏலம் பயிரிடுகின்றனர். பலருக்குக் கைக்காசு தருவது அதுவே. கடும் உறைபனி விழுந்தால் அதுவும் போகும்.

இந்த வேலைகளுக்கு இடையில்தான் துணிவேலை நடைபெறுகின்றது. அவர்கள் பயிரிடும் நார்ச்செடி ஹெம்ப் எனப்படுவது. கஞ்சா இனத்தைச் சேர்ந்தது. நம் சணலோ சணப்போ அன்று. தண்டு கிளைவிடாமல் நேராக ஓங்க வேண்டுமென்று நெருக்கமாக விதைக்கின்றனர். இரண்டு மூன்று மாதங்களில் அறுத்து, உலர்த்தி, பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரிக்கின்றனர். அதனை உரலில் இடித்து மென்மையாக்கி, கீற்றின் நுனியோடு நுனி வைத்து விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். பெண்கள் சந்தைக்கு நடக்கும்போதும் இந்த வேலையை விடுவதில்லை. பிறகு காலால் மிதிக்கும் ராட்டையில் ஒரே வேளையில் பல கதிர்களில் முறுக்கேற்றுவர். நூலைச் சாம்பல் நீரில் பலமுறை வேகவைத்து வெளுப்பாக்கிய பின்னரே தறிக்குப் போகும். பாவின் ஒரு முனை நெய்பவளின் இடுப்பில் கட்டிய பட்டையோடு பிணைந்திருக்கும். அவள் பின்சாய்ந்தால் பாவு இறுகும். துணி குறுகிய அகலமே வரும். நெய்த துணியை உருளைக் கட்டையின்மேல் இட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, அக்கல்லின்மீது ஏறி நின்று இருபுறமும் அசைந்து தேய்த்து மினுமினுப்பேற்றுகின்றனர்.

சாயமும் வீட்டில் ஆவதே. அவர்களுடைய நீலச்செடி நம் அவுரி அன்று. மலைநிழலில் வளரும் வேறொரு செடி. இலையைச் சில நாட்கள் நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பு சேர்த்து அடித்தால் நீல வண்டல் படியும். அதனைச் சாம்பல் நீரில் கரைத்துத் தாழியில் புளிக்க வைப்பர். தேன்மெழுகால் கோலமிட்ட துணியைத் தோய்த்து, காற்றில் உலர்த்தி, மீண்டும் தோய்த்து, இவ்வாறு பல நாள். மூடுபனிக் காலத்தில் துணி உலராது, வேலை நின்றுவிடும். வெந்நீரில் மெழுகு நீங்கினால் கோலம் வெண்மையாக எஞ்சும்.

இத்துணை உழைத்த துணி தெருவில் பேரத்திற்கு வருகின்றது. விலை ஏன் வீழ்கின்றது? விதை வீட்டு விதை, சாயம் வீட்டுச் சாயம், கூலி தன் கூலி. வாங்கிய சரக்கின் சீட்டு ஒன்றும் கையில் இல்லாமையால், செலவே இல்லை எனத் தோன்றுகின்றது. வந்த காசெல்லாம் லாபமாகத் தெரிகின்றது. நாள் கணக்கு எழுதியிருந்தால் எந்த விலைக்குக் கீழ் இறங்கலாகாது என்பது விளங்கும். இதற்கிடையே ஆலையில் அச்சிட்ட செயற்கை இழைத் துணி, அதே கோலங்களுடன், பக்கத்துக் கடையிலேயே மலிவாகக் கிடைக்கின்றது. மோங் பெண்கள் பலர் தங்கள் பாவாடைக்கே அதை வாங்கத் தொடங்கிவிட்டனர். பயணியோ இரண்டிற்கும் வேற்றுமை அறியான்.

சபாவுக்குக் கிழக்கே ஹா ஜியாங் மலைப்பகுதியில், லுங் தாம் என்னும் மோங் ஊரில், 2001-ல் பெண்கள் ஹெம்ப் நெசவுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். உரித்தல் முதல் சாயமிடல் வரை அங்கு வருவோர் கண்முன்னே நடைபெறுகின்றது. விற்பனை சங்கத்தின் பெயரால் ஆகின்றது. வாங்குபவர் பேரம் பேசுமுன் தறியையும் தாழியையும் பார்த்துவிடுகிறார். ஹனோயில் 1996-ல் தொடங்கிய கிராஃப்ட் லிங்க் என்னும் லாப நோக்கற்ற அமைப்பும் மலையின மக்களின் கைவினைக் குழுக்களுக்குப் பயிற்சியளித்து, அவர்கள் சரக்கைத் தன் கடையில் விற்கின்றது. சபாவின் தெருவோரத்தில் நிற்கும் பெண்ணுக்கு இவ்விரண்டும் எட்டவில்லை. ஆனால் அவள் கூடையில் இருப்பதும் அதே துணிதான்.