குண்டு மாறினால் ஊசல் மாறுமா?

தனி ஊசலின் அலைவு நேரம் குண்டின் எடையைப் பொறுத்ததல்ல என்று படித்தேன். ஆனால் பெரிய குண்டைக் கட்டி மூன்று முறை பார்த்தும் 20 அலைவுக்கு கால் நொடிக்கு மேல் கூடுகிறது. ஏன்?
— பிளஸ் ஒன் மாணவி, தேனி

உங்கள் கையும் கண்ணும் சரியாகத்தான் இருக்கின்றன. மாறியது எடை மட்டுமல்ல, நீளமும்தான்! ஊசலின் நீளத்தை முடிச்சு வரை அளக்கக் கூடாது. குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். நூல் 50 செ.மீ. என்றால், 1 செ.மீ. ஆரமுள்ள குண்டுக்கு நீளம் 51, 2 செ.மீ. ஆரமென்றால் 52. அந்த ஒரு சென்டிமீட்டரே 20 அலைவில் சுமார் 0.3 நொடியைக் கூட்டிவிடும். நூலை 48 செ.மீ. ஆக்கி, பெரிய குண்டின் மையத்தை 50-க்குக் கொண்டுவாருங்கள். சின்னதற்கு நூல் 49. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடும், பாருங்கள்.

குண்டைச் சற்றே இழுத்து விடுங்கள், பத்து டிகிரிக்குள். 60 டிகிரி வரை இழுத்தால் நேரம் 7 சதவீதம் கூடிவிடும். குண்டு நடுப்புள்ளியைக் கடக்கும்போது ஸ்டாப் வாட்சை அழுத்தி, 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் ஓர் அலைவு காணாமல் போகும்.

ஆசை தீர அதிர்வெண்ணை மாற்ற வேண்டுமா? நீளத்தைக் கால்வாசியாக்குங்கள். 1 மீட்டரில் 2 நொடிக்கு ஒருமுறை ஆடியது, 25 செ.மீ.யில் நொடிக்கு ஒருமுறை ஆடும்.