பருவமழைக்கு முன் ஆயில் சர்வீஸ் வண்டிகளில் செய்ய வேண்டியவை

கல்குவாரிகளிலும் சாலைப் பணியிடங்களிலும் பொக்லைன், டோசர், டிப்பர் போன்ற கனரக இயந்திரங்களுக்கு நின்ற இடத்திலேயே ஆயில் மாற்றிக் கொடுக்கும் சர்வீஸ் வண்டிகளை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்பே உரிமையாளர்கள் முழுமையாகச் சோதித்துவிட வேண்டும். புதிய ஆயில் தொட்டிகள், பம்புகள், ஹோஸ் சுருள்கள், கழிவு ஆயிலை உறிஞ்சி வைக்கும் தனித்தொட்டி ஆகியவற்றைச் சுமக்கும் இவ்வண்டியில் ஈரம் புகுந்துவிட்டால், அது சென்று சேரும் இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் அந்த ஈரமும் சேர்ந்தே போகும்.

முதற்கவனம் வண்டித் தொட்டியை நிரப்பும் ஆயில் பேரலுக்கு உரியது. 210 லிட்டர் பேரலைத் திறந்தவெளியில் நிமிர்த்தி வைத்தால் அதன் மேல்தட்டில் மழைநீர் தேங்குகிறது. பகல் வெப்பத்தில் விரிந்து உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளிய ஆயில், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, இறுக்கமாகத் தோன்றும் மூடியின் விளிம்பு வழியாகவே அந்நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவே பேரலைக் கூரையின் கீழ் வைப்பதே நல்லது. இயலாதபோது, அதன் இரு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 எண்களின் நிலையில் அமையுமாறு படுக்க வைக்க வேண்டும். வண்டித் தொட்டியின் பிரீதரை, அதாவது தொட்டிக்குள் செல்லும் காற்றை வடிகட்டும் கருவியை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கொண்ட வகையாக மாற்றி, மணிகள் நிறம் மாறியதும் புதுப்பிக்க வேண்டும்.

பேரலிலிருந்து வரும் புது ஆயில் சுத்தமானது என்ற நம்பிக்கை பணியிடங்களில் பரவலாக உண்டு; ஆனால் ஹைட்ராலிக் பம்பும் வால்வுகளும் கேட்கும் தூய்மை அதில் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால், ஊற்றும் ஹோஸின் வழியில் ஒரு ஃபில்டர் கட்டாயம் வேண்டும். என்ஜின் ஆயிலுக்கும் ஹைட்ராலிக் ஆயிலுக்கும் தனித்தனிப் பம்பும் ஹோஸும் இருக்க வேண்டும். ஹோஸ் முனைகளை மூடியிட்டே வைக்க வேண்டும்.

மழையைக் காரணம் காட்டி, ஹவர் மீட்டர் கணக்குப்படி செய்ய வேண்டிய ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல், தார்ப்பாய் கட்டியேனும், என்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஆயிலை வடித்துவிடுவது முறையாகும். வடிந்த ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் அதில் நீரோ கூலன்ட்டோ கலந்திருக்கக்கூடும். கசியும் இடத்தைக் கண்டறியாமல் புது ஆயிலை ஊற்றுவது வீண்செலவு. கழிவு ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கொடுத்துவிடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அபாயகரக் கழிவுகள் குறித்த 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும் என்பதால், மழை வலுக்குமுன் கழிவுத் தொட்டியைக் காலி செய்து, ஒப்படைத்த சீட்டை வண்டியின் பதிவேட்டில் வைப்பது நலம்.