ராயபுரம் பட்டறைக்கு வெளிநாட்டு உதிரி: சுங்கவரி கட்டும் வழி

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் பேரிங், சென்சார், கட்டிங் டூல் என்று பலவற்றையும் இப்போது நேராக வெளிநாட்டிலிருந்தே தருவித்துக்கொள்கிறார்கள். துறைமுகம் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வரியை யாரிடம் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வரிக் கணக்கை ஆர்டர் போடும் முன்பே போட்டுவிட வேண்டும்.

முதலில் பொருளின் எச்.எஸ். குறியீட்டை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். வரி விகிதம் அதை வைத்துத்தான். அடுத்து மதிப்பு. பொருளின் விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டிய தொகைக்கே வரி. இன்சூரன்ஸ் எவ்வளவு என்று தெரியாவிட்டால் விலையில் 1.125 சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள். விமானத்தில் வரும் பொருளுக்கு அனுப்பும் செலவாக விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது விதி. 40,000 ரூபாய் பொருளுக்குக் கூரியர்காரர் 15,000 வாங்கியிருந்தாலும் வரிக் கணக்கில் 8,000தான் ஏற வேண்டும். முழுத் தொகையையும் ஏற்றியிருந்தால் விடாமல் கேளுங்கள்.

மூன்றும் சேர்ந்த மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படை வரி 7.5 சதவீதம், ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை வரி 7,500. அதன்மேல் சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம், 750. இப்போது 1,08,250 ஆகிறது. இதன்மேல் ஐ.ஜி.எஸ்.டி. 19,485. ஆக மொத்தம் 27,735 ரூபாய். தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பட்டறை அந்த 19,485-ஐ உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம். கையை விட்டுப் போவது 8,250 மட்டுமே.

ஆனால் அதற்கு, சுங்கத்தில் தாக்கலாகும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியில் உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தாக வேண்டும். பட்டறைக்காரர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். முதலாளியின் சொந்தப் பெயரில், வீட்டு முகவரிக்கு, ஆதாரைக் கொடுத்து வரவழைத்துவிடுகிறார்கள். கூரியர் நிறுவனமும் தனிநபர் உபயோகம் என்று காட்டி வரி கட்டிவிடுகிறது. தனிநபர் உபயோகப் பொருளுக்கான வரி விகிதம் 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்படும் என்று 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதைப் பார்த்துத் தொழிலுக்கான பொருளை அந்தக் கணக்கில் கொண்டுவரப் பார்க்காதீர்கள். அப்படிக் கொண்டுவருவது சுங்கத்துறைக்குத் தவறான தகவல் கொடுப்பதாகும். வரிக் கழிவும் கிடைக்காது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண் வாங்குங்கள். பட்டறையின் பெயர், ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண் மூன்றையும் இன்வாய்ஸில் போடச் சொல்லுங்கள்.

விலையைக் குறைத்து எழுதித் தரட்டுமா, 'கிஃப்ட்' என்று போடட்டுமா என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். இரண்டுக்குமே சம்மதிக்காதீர்கள். தபாலிலும் கூரியரிலும் பரிசாக இறக்குமதி செய்வது 2019 டிசம்பரிலிருந்தே தடைசெய்யப்பட்டிருக்கிறது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. விலையைக் குறைத்துக் காட்டினால் பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

தபாலில் வந்தால் அயல்நாட்டு அஞ்சல் நிலையத்தில் சுங்க அதிகாரிகள் வரி போடுவார்கள். பார்சலைக் கொண்டுவரும் தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். கூரியரில் வந்தால் அந்த நிறுவனமே வரியைக் கட்டிவிட்டு, தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்களிடம் வசூலிக்கும். அவர்கள் தரும் பில் மட்டும் போதாது, பில் ஆஃப் என்ட்ரியின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கப்பல் வழிதான் சிக்கலானது. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, எங்கே இறங்கினாலும் பலருடைய சரக்கும் கலந்து வரும் கன்டெய்னர், சி.எஃப்.எஸ். எனப்படும் சரக்குக் கிடங்குக்குப் போய்த்தான் பிரிக்கப்படும். மணலி, மாதவரம், தண்டையார்பேட்டைப் பக்கம் இந்தக் கிடங்குகள் இருக்கின்றன. டெலிவரி ஆர்டர் கட்டணம், கிடங்கு வாடகை, லாரி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். ஒன்றிரண்டு பெட்டிக்காகக் கப்பலைத் தேடுவது என் கணக்கில் வீண்.

கப்பலில்தான் வரவேண்டுமென்றால் உரிமம் பெற்ற கிளியரிங் ஏஜென்ட் ஒருவரை முன்னதாகவே பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகிவிட வேண்டும். தாமதித்தால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பிறகு நாளொன்றுக்கு 10,000. தாக்கலானபின் கேள்விகள் வரலாம். அதற்காக ராஜாஜி சாலை சுங்க இல்லத்துக்கு ஓட வேண்டியதில்லை. முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்கியது, அதுவும் 84, 85-ஆம் அத்தியாயங்களில் அடங்கும் இயந்திர, மின்சாதனப் பொருட்களுக்கு. இந்த முறையில் உங்கள் பேரிங்கை மதிப்பிடும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். கேட்லாக், வங்கியில் பணம் அனுப்பிய ஆதாரம், ஆர்டர் நகல் மூன்றும் கையில் இருந்தால் ஏஜென்ட் இணையத்திலேயே பதில் சொல்லிவிடுவார்.

மதிப்பீடு முடிந்ததும் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் சலானைத் திறந்து நெட் பேங்கிங்கில் நீங்களே கட்டுங்கள். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. பணம் ஏறி, 'அவுட் ஆஃப் சார்ஜ்' என்ற விடுவிப்பு உத்தரவு கிடைத்ததும் சரக்கை எடுக்கலாம்.

சுங்கத்துறையிலிருந்து பேசுகிறோம், இந்த எண்ணுக்கு ஜிபே பண்ணுங்கள் என்று யாராவது அழைத்தால் ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள். சுங்கத்துறை தனிநபர் கணக்கில் வரி வாங்குவதில்லை. அதன் கடிதங்களில் டின் என்ற ஆவண அடையாள எண் இருக்கும்; மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

வரி கூடுதலாகப் போடப்பட்டதென்று தோன்றினால், உத்தரவு கைக்கு வந்த 60 நாட்களுக்குள் சுங்க ஆணையரிடம் (மேல்முறையீடு) முறையிடலாம்.