நெடுநாள் நோயும் கூடிச் செய்யும் கலையும்

மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவை நம்மில் பலர் அறிவோம். தொழுநோயாளருக்கென்று வைத்தியசாலை அமைக்கப்பட்ட தீவு அது. நோய் பரவும் என்ற அச்சத்தால் அக்காலத்தில் நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்தார்கள். இன்று நல்ல மருந்து உண்டு. ஆயினும் விருந்தினர் வந்தால் நோயாளியைப் பின்னறைக்கு அனுப்பும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை.

மருந்து முடிந்த பின்

தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டு வைத்தியர் ஹான்சன் 1873இல் கண்டறிந்தார். இலங்கையில் 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை ஆரம்பமாயிற்று. நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ ஒழுங்காக மருந்து உட்கொண்டால் நோய் குணமாகும். அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து இலவசம். மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்றும் புதிய நோயாளர் இனங்காணப்படுகின்றனர். ஆகவே உணர்ச்சியற்ற தேமலைக் கண்டால் மறைக்காது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

காலந்தாழ்த்தினால் நரம்பு பழுதடையும். கிருமி ஒழிந்தாலும் மரத்துப்போன கைக்கு உணர்ச்சி திரும்பாமற் போகலாம். சுடுவதும் வெட்டுவதும் அக்கைக்குத் தெரியாது. நாள்தோறும் கைகால்களைப் பார்த்து, நீரில் ஊறவைத்து, எண்ணெய் பூசிப் பேண வேண்டும். சலரோகம், வாதம், சிறுநீரக நோய் உள்ளோரும் இவ்வாறே நோயோடு நெடுங்காலம் வாழ்கின்றனர். இவர்களுக்கு வேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்தால் நம் கடமை முடிந்ததா?

மூன்று முன்மாதிரிகள்

ஹான்சன் கிருமியைக் கண்ட அதே 1873இல் புனித தமியான் மொலோக்காய்த் தீவுக்குச் சென்றார். அங்கே ஒதுக்கப்பட்டிருந்த தொழுநோயாளருக்குப் புண் கட்டியதோடு அவர் நிற்கவில்லை. அவர்களைக் கொண்டே பாடகர் குழுவையும் வாத்தியக் குழுவையும் உருவாக்கினார். அதுவரை பிறர் கையை எதிர்பார்த்திருந்தோர் பிறருக்கு இசை வழங்கினர்.

தமிழகத்தில் செங்கற்பட்டுக்கு அண்மையில் பாரதபுரம் என்ற குடியிருப்பு உண்டு. அங்கே 2005இல் ஆஸ்திரிய ஓவியர் வெர்னர் டோர்னிக்கும் சமூகத் தொண்டர் பத்மா வெங்கட்ராமனும் பிந்து கலைப் பள்ளியைத் தொடங்கினர். தொழுநோயிலிருந்து மீண்ட முதியோர் அதில் சேர்ந்தனர். அதற்குமுன் தூரிகையே பிடித்திராதோர் பலர். அவர்கள் ஒன்றாயமர்ந்து தீட்டிய ஓவியங்கள் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. மக்கள் பார்க்க வந்தது அவர்களுடைய ஊனத்தையன்று, அவர்களுடைய ஆக்கத்தை.

நம் ஊரிலேயே, யேசுசபைத் துறவி பால் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாக் கலைஞர் பால் ஹோகனும் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் திறந்தனர். போரினால் மனம் நொந்த தமிழ், முஸ்லிம் சிறுவர் அங்கே களிமண், வண்ணம், கதை, நாடகம் கொண்டு கூடி ஆக்கினர். ஹோகன் இம்முறையைக் கைக்கொண்டு வந்தது ரொறன்ரோவில், உடற்குறையுள்ள சிறுவர் மற்றச் சிறுவரோடு சேர்ந்து கலை பயின்ற ஒரு தோட்டத்திலிருந்தாகும்.

நாம் செய்யக்கூடியது

கலை நோயைக் குணமாக்காது. மருந்தை நிறுத்தவும் கூடாது. ஆனால் நோயாளியைத் தனிமையிலிருந்து வெளியே கொண்டுவரும்.

1. எதைச் செய்வது என்பதை நோயாளியே தெரிவு செய்யட்டும். பன் பாய்க்கு நிறம் தெரிவதும், கூத்துப் பாட்டுக்கு அடி சொல்வதும் கலையே.

2. விரல் மடங்காதவருக்குத் தூரிகையின் பிடியைத் துணி சுற்றித் தடிப்பாக்குங்கள். மரத்த கைக்குக் கூரியதும் சூடானதும் கொடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் கையில் காயமுண்டா என்று பாருங்கள்.

3. களைத்தால் நிறுத்துங்கள். மீதியை நாளை செய்யலாம்.

4. அவர் சம்மதியாமல் அவருடைய நோயைப் பிறருக்குச் சொல்லாதீர்கள். அவர் விரும்பினால் ஆக்கத்தின் கீழ் அவர் பெயரையும் எழுதுங்கள்.

5. அவருக்காக நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். கோடு கோணலானாலும் அது அவர் இட்ட கோடு.

குடும்பமாகச் சிந்திக்க

நம் வீட்டு நோயாளி கடைசியாக எப்போது நம்மோடு அமர்ந்து ஒரு வேலை செய்தார்? அவருக்கு எது செய்யத் தெரியும் என்று நாம் கேட்டதுண்டா? அவரைப் பின்னறையில் வைத்திருப்பது அவர் விருப்பமா, நமது வெட்கமா?